திரையரங்கைப் பூட்டியவர்கள் யார்?

சிற்றூர்த் திரையரங்குகளைத் தொலைக்காட்சிதான் வீழ்த்தியது என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 1978இல் வண்ணமும் வந்தது. அதன் பின்னரும், என் பிள்ளைப் பருவத்தில், சம்பளம் போட்ட வாரம் தோட்ட மக்கள் லாரி ஏறி எங்கள் பேராக் சிற்றூருக்குப் படம் பார்க்க வந்தனர்.

அரங்கை வீழ்த்தியது நாம்தான். 1980களில் திருட்டு ஒளிநாடாவை வாடகைக்கு எடுத்து, அண்டை அயலாரையும் கூட்டிவைத்துப் பார்த்தோம். அரங்கு பூட்டப்பட்டதும், “ஐயோ, நம் அரங்கு!” என்று அங்கலாய்த்தோம்.

பெற்றோர்களே, பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டுத் தமிழ்ப்பள்ளிக்காக மேடையில் முழங்குவதும் இதே கதைதான். மாணவர் இல்லையேல் பள்ளிக்கும் பூட்டுதான். திறந்திருந்தபோது நுழையாதவர்க்குப் பூட்டிய கதவின் முன் அழ உரிமையில்லை.