திருவாதிரைக் குழம்பை வெளியில் ஆர்டர் கொடுக்கலாமா?

சாயங்காலம் ஆனா ஈப்போவில் மழை. நமக்குக் குளிர்காலம்னா இந்த மார்கழி மழைதான்.

திருவாதிரை அன்னதானத்துக்குக் களியும் ஏழுகறிக் குழம்பும் வெளியிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். சமையல்கட்டுத் தொண்டர்களான எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. போன வருஷம் வந்த வாளியில் உருளைக்கிழங்கும் கேரட்டும்தான். சாம்பார்னு சொல்லலாம். ஏழுகறின்னு எப்படிச் சொல்றது?

சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, இந்தக் கிழங்குகள்தான் அந்தக் குழம்புக்கு உடம்பு. பூசணியைக் கடைசியில் போடணும், இல்லாட்டி கரைஞ்சிடும். அப்புறம் மொச்சை, அவரை.

மரவள்ளியைச் சாதாரணமா நினைக்காதீங்க. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அரிசி கிடைக்காமல் 1945 வரை தோட்டத்து லயங்களில் பல குடும்பங்களை உயிரோடு வைத்தது அதுதான். பிறகு அதைக் கண்டாலே முகம் திருப்பின பாட்டிமாரும் உண்டு, அது வேற கதை. சேந்தனாரும் மழையில் விறகு நனைந்து விற்காத நாளில், வீட்டில் இருந்ததை வைத்துத்தானே களி கிண்டிப் படைத்தார்!

காசு பிரச்சினையே இல்லை. நறுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். சேனை அரிக்கும்னு இளசுகள் ஒதுங்குறாங்க. கையில் எண்ணெய் தடவிக்கிட்டு நறுக்குங்க, புளித்தண்ணியில் வேகவைப்போம், அரிக்காது. மரவள்ளியைத் தோலுரித்துத் தனியா அவித்து, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும்.

திருவாதிரைக்கு முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு உட்காருகிறோம். வீட்டில் அருவாமனை இருந்தால் எடுத்துட்டு வாங்க, கோயிலில் இருப்பது ரெண்டே ரெண்டு.