திரையில் வராத முகங்கள்

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ (2013) மூன்று மணி நேரம் சிரிக்க வைக்கிறது. பங்குத் தரகர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் மதிப்பில்லாத பங்குகளைத் தொலைபேசியில் புகழ்ந்து விற்பார். விலை ஏறியதும் தன்னிடம் உள்ளதைத் தள்ளிவிடுவார். வாங்கியவர்கள் தலையில் துண்டுதான். நிஜத்தில் அவர் சிறையில் இருந்தது வெறும் 22 மாதம்.

ஏமாந்தவர்களைப் படம் கண்டுகொள்ளவில்லை என்ற குறை நியாயமானது.

அதைவிடக் கசப்பானது, படத்துக்கு வந்த பணம். மலேசிய அரசின் 1எம்டிபி நிதியில் சுருட்டிய தொகை தயாரிப்பில் புகுந்ததாக அமெரிக்க நீதித் துறை வழக்குத் தொடுத்தது. படத்தைத் தயாரித்த ரெட் கிரானைட் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2018இல் 6 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதன் இணை நிறுவனர் ரிசா அசிஸ், படம் வந்தபோது மலேசியப் பிரதமராக இருந்த நஜிப் ரசாக்கின் மனைவியின் மகன். இன்று இப்படத்தைக் காட்டும் எவரும் இந்த வழக்கைத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும்.