ஆங்கிலம் அறிவோம்: சிறு சொல், பெரும் பொருள்



ஆங்கிலம் கற்க முனைவோரில் பலர் நீண்ட சொற்களைக் கண்டே அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. நீண்ட சொல்லின் பொருள் தெரியாதபோது அகராதியைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். நம்மை ஏமாற்றுபவை ‘எ’, ‘தி’, ‘எனி’, ‘ஆல்’, ‘ஈச்’, ‘ஐதர்’ போன்ற குறுஞ்சொற்களே. இவற்றின் பொருள் தெரியும் என்றெண்ணி நாம் கடந்து போய்விடுகிறோம். பிள்ளைகளின் தேர்வுத்தாளிலும், வங்கிப் படிவத்திலும், மருந்துச் சீட்டிலும் இச்சிறு சொற்கள்தாம் பொருளை முடிவு செய்கின்றன. ஆகவே இம்மாதம் அளவு குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம்.

‘ஃபியூ’, ‘எ ஃபியூ’

‘ஹி ஹாஸ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் அவருக்கு நண்பர்கள் சிலர் உண்டு என்பது பொருள். ‘எ’ என்னும் அந்த ஓரெழுத்தை நீக்கி, ‘ஹி ஹாஸ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு நண்பர்கள் மிகவும் குறைவு, ஏறக்குறைய இல்லை என்றாகிவிடும். நண்பர்களின் எண்ணிக்கை இரு வாக்கியங்களிலும் ஒன்றாகவே இருக்கலாம். முன்னது இருப்பதைப் பார்க்கிறது. பின்னது இல்லாததைப் பார்க்கிறது.

எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூ’ வரும். எண்ண முடியாதவற்றுக்கு ‘லிட்டில்’ வரும். விதி ஒன்றே. நோயாளியின் உறவினரிடம் மருத்துவர் ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்றால் சிறிது நம்பிக்கை உண்டு. துஆச் செய்துகொண்டு காத்திருக்கலாம். ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால் அவர் கைவிரிக்கிறார் என்று கொள்க. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ‘ஐ ஹாவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினால், தமக்கு அனுபவம் இல்லை என்று தாமே சான்று எழுதித் தந்ததாகும். அவர் எழுத நினைத்தது ‘எ லிட்டில்’ என்பதாக இருக்கும்.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. ‘சிலர் வந்தனர்’ என்பதற்கும் ‘சிலரே வந்தனர்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்கறிவோம். ‘கொஞ்சம் பணம் இருக்கிறது’, ‘கொஞ்சம்தான் பணம் இருக்கிறது’ என்பவையும் அத்தகையவையே. நாம் ஏகாரத்தையோ ‘தான்’ என்பதையோ சேர்த்துக் குறைவை உணர்த்துகிறோம். ஆங்கிலேயர் ‘எ’ என்பதை நீக்கி அதை உணர்த்துகின்றனர். இவ்வொன்றை மனத்தில் இருத்தினால் குழப்பம் தீரும்.

இங்கே மூன்று பொறிகளையும் அறிந்துகொள்ளுங்கள். ‘ஒன்லி எ ஃபியூ’ என்றால் ‘எ’ இருந்தும் குறைவு என்பதே பொருள். ‘குவைட் எ ஃபியூ’ என்றால் சிலர் அல்லர், பலர்! வலீமா விருந்துக்குக் ‘குவைட் எ ஃபியூ கெஸ்ட்ஸ்’ வருகின்றனர் என்று ஒருவர் எழுதினால் பெரிய தேக்சாவையே அடுப்பில் ஏற்றுங்கள். ‘தி ஃபியூ’ என்பது மூன்றாவது. ‘தி ஃபியூ புக்ஸ் ஐ ஹாவ்’ என்றால் என்னிடமுள்ள நூல்கள் சிலவே, ஆயினும் அவை அனைத்தும் என்பது பொருள். ‘தி’ வந்தால் ‘குறிப்பிட்ட அவை முழுதும்’ என்ற கருத்து உடன் வருகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர்த் தேவைப்படும்.

‘சம்’, ‘எனி’

கேள்வியில் ‘எனி’ வரும், உடன்பாட்டில் ‘சம்’ வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் ‘வுட் யூ லைக் சம் டீ?’ என்று கேட்பதே பண்பு. ‘ஆம்’ என்ற விடையை எதிர்பார்த்துக் கேட்கிறோம் என்பதை அந்தச் ‘சம்’ காட்டுகிறது. ‘டூ யூ வான்ட் எனி டீ?’ என்பதில் பிழை இல்லை. ஆயினும் உபசரிப்பின் கனிவு அதில் குறைவு.

‘எனி’ உடன்பாட்டு வாக்கியத்தில் வந்தால் ‘எதுவாயினும்’ என்ற பொருள் தரும். ‘ஆன்ஸர் எனி ஃபைவ் கொஸ்டின்ஸ், சூஸிங் அட் லீஸ்ட் ஒன் ஃப்ரம் ஈச் பார்ட்’ என்று வினாத்தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எனி ஃபைவ்’ என்பதை மட்டும் படித்த மாணவி, தனக்குத் தெரிந்த ஐந்து வினாக்களையும் முதற் பகுதியிலிருந்தே எழுதிவிட்டு வந்தால் மதிப்பெண் இழப்பாள். ‘ஈச் பார்ட்’ என்பது ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றேனும் எழுத வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. நன்கு படித்திருந்தும் வினாத்தாளின் தலைப்பில் உள்ள இரு வரிகளைப் படிக்காமல் தோற்பது எத்தனை பெரிய இழப்பு!

‘ஆல்’ உடன் ‘நாட்’ சேரும்போது

‘ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் பாஸ்’ என்பதன் பொருள் என்ன? ஒருவரும் தேறவில்லை என்றும் கொள்ளலாம். எல்லாரும் தேறிவிடவில்லை, சிலர் தவறினர் என்றும் கொள்ளலாம். தமிழிலும் ‘எல்லா மாணவர்களும் தேறவில்லை’ என்பது இவ்வாறே இரு பொருள்படும். எழுதும்போது இந்த அமைப்பைத் தவிர்ப்பதே நன்று. ஒருவருமே தேறவில்லை என்றால் ‘நன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்’ என்றும், சிலர் தவறினர் என்றால் ‘நாட் ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்’ என்றும் எழுதுங்கள். ‘நாட்’ முன்னே சென்றதும் ஐயம் அகன்றுவிடுகிறது.

‘ஈச்’, ‘எவ்ரி’

மூன்று மக்களைப் பற்றிய ஒரு பத்திரத்தில் ‘தி த்ரீ சன்ஸ் ஷல் பி பெய்ட் டென் தௌசண்ட் ருபீஸ்’ என்று எழுதியிருந்தால், கொடுக்க வேண்டியது 10,000 ரூபாயா, 30,000 ரூபாயா? வழக்கறிஞர் இருவர் இரு பக்கமும் நின்று வாதாட இடமுண்டு. ‘ஈச் ஆஃப் தி த்ரீ சன்ஸ்’ என்று தொடங்கியிருந்தால் தலைக்கு 10,000 என்பதில் ஐயமே எழாது. ‘ஈச்’ என்ற ஒரு சொல் ஒரு வழக்கையே தடுத்துவிடும்.

‘எவ்ரி’ மருந்துச் சீட்டில் வரும்போது மிகுந்த கவனம் வேண்டும். ‘எவ்ரி டே’ என்றால் நாள்தோறும். ‘எவ்ரி அதர் டே’ என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவே உள்ள ‘அதர்’ என்பதைக் கவனியாது விட்டால் மருந்தின் அளவு இரு மடங்காகிவிடும். அவ்வாறே, ‘எவ்ரி சிக்ஸ் அவர்ஸ்’ என்பதன் அருகே ‘நாட் மோர் தேன்’ என்று ஓர் எண்ணும் காணப்படும். அது உச்ச வரம்பு. 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையைப் பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் உட்கொள்ளலாகாது என்பது பொதுவாக அச்சிடப்படும் எச்சரிக்கை. இது எட்டு வரை உண்ணுங்கள் என்ற அறிவுரையன்று. எட்டைத் தாண்டாதீர்கள் என்ற தடை.

‘ஐதர்’, ‘ஃபார்மர்’

நம் குடும்பங்களில் பல கணவரின் சபர் வாழ்க்கையை நம்பியிருப்பவை. கணவர் துபாயிலோ சவூதியிலோ இருக்க, மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறார். இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு உண்டு. ஆயினும் அதனை இயக்குவது யார் என்பதைப் படிவத்தில் உள்ள ஒரு சொல்லே தீர்மானிக்கிறது.

‘ஐதர் ஆர் சர்வைவர்’ எனக் குறித்திருந்தால், இருவரில் எவரும் தனித்தே பணம் எடுக்கலாம். ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ எனக் குறித்திருந்தால், முதலில் பெயர் எழுதப்பட்டவர் உயிரோடிருக்கும் வரை அவர் ஒருவரே கணக்கை இயக்க முடியும். முதற்பெயர் கணவருடையதாகவும், அவர் கடல் கடந்தும் இருந்தால், கூட்டுக் கணக்கு இருந்தும் அவசரத்துக்கு மனைவியால் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. ‘ஜாயின்ட்லி’ என்றிருந்தால் இருவர் கையொப்பமும் கட்டாயம். கணக்கில் இருவருக்கு மேல் இருந்தால் ‘ஐதர்’ என்பதன் இடத்தில் ‘எனிஒன்’ வரும். ‘ஐதர்’ என்பது இருவரில் ஒருவரையே குறிக்கும். மூவர் முதல் ‘எனி’ என்பதே இலக்கணம். வங்கியும் அவ்விலக்கணத்தைப் பின்பற்றுகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வங்கிப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். எச்சொல் இருக்கிறது எனத் தெரியாவிட்டால் கிளையில் கேட்டறியுங்கள். கணவர் விடுமுறையில் வந்திருக்கும்போதே இதனைச் சரிசெய்துகொள்வது எளிது.

ஒப்பந்தத்தில் ‘ஐதர் பார்ட்டி மே டெர்மினேட்’ என்று காண்பீர்கள். முதலாளி, தொழிலாளி ஆகிய இருவரில் எவரும் முறித்துக்கொள்ளலாம் என்பது இதன் பொருள். ‘தி எம்ப்ளாயர் மே டெர்மினேட்’ என்று மட்டும் இருந்தால் அவ்வாசகம் முதலாளிக்கு மட்டுமே உரிமை தருகிறது. உங்கள் உரிமை வேறெங்கேனும் எழுதப்பட்டுள்ளதா எனத் தேடிப் பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள்.

ஒரு ‘தி’யும் ஒரு தேசமும்

குறுஞ்சொல் குடும்பத்தை மட்டுமன்று, நாடுகளையும் அலைக்கழிக்கும் என்பதற்கு ஒரு சான்று கூறி முடிப்போம்.

1967 ஜூன் 5 முதல் 10 வரை நடந்த போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெரூசலம், காஸா, சினாய், கோலான் குன்றுகள் ஆகியவற்றை இஸ்ரேல் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதன் வரைவை அளித்தவர் பிரிட்டனின் பிரதிநிதி லார்டு கராடன். இஸ்ரேலியப் படைகள் ‘ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைட்’, அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்கிறது அத்தீர்மானம். ‘டெரிட்டரீஸ்’ என்பதன் முன் ‘தி’யும் இல்லை, ‘ஆல்’ உம் இல்லை.

எனவே, எல்லா நிலப்பகுதிகளிலிருந்தும் விலகத் தேவையில்லை, சிலவற்றிலிருந்து விலகினால் போதும் என இஸ்ரேல் வாதிட்டது. அதே தீர்மானத்தின் பிரெஞ்சு வாசகத்திலோ ‘தே’ என்ற சொல் உள்ளது. அது ஆங்கிலத் ‘தி’க்கு நிகரான சொல்லைத் தன்னுள் கொண்டது, குறிப்பிட்ட அந்நிலப்பகுதிகள் முழுதும் என்ற பொருளுக்கு இடம் தருவது. அரபு நாடுகள் முழு விலகலையே வலியுறுத்தின. அப்போது சபையில் உறுப்பினராயிருந்த இந்தியாவும், முழு விலகல் என்றே தாம் விளங்கிக்கொள்வதாகப் பதிவு செய்தது.

இலக்கணம் என்ன சொல்கிறது? ‘தி’ இல்லையென்றால் ‘சில’ என்றுதான் பொருளா? பள்ளிவாசல் முகப்பில் ‘ஷூஸ் மஸ்ட் பி லெஃப்ட் அவுட்சைட்’ என்று எழுதியிருந்தால், சில காலணிகளை மட்டும் வெளியே விட்டால் போதும் என்று யாரேனும் கொள்வரா? அங்கே ‘தி’யும் இல்லை, ‘ஆல்’ உம் இல்லை. ஆயினும் எல்லாக் காலணிகளும் என்பதே பொருள். ஆக, அச்சொல் இல்லாமை ஒன்றே ‘சில’ என்பதை நிறுவிவிடாது. இத்தகைய இடங்களில் முன்பின் வாசகங்களைக் கொண்டே பொருள் காண வேண்டும். போரினால் நிலத்தைக் கைக்கொள்வது ஏற்கத்தக்கதன்று என அதே தீர்மானத்தின் முன்னுரை அழுத்திக் கூறுகிறது. ஆயினும் எழுதாது விட்ட ஒரு சிறு சொல் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதத்துக்கு வாயில் திறந்து வைத்துவிட்டது. 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்றும், அது விரைவில் முடிவுக்கு வர வேண்டும் என்றும் கருத்துரைத்தது.

பயிற்சி

கீழ்வருவனவற்றின் பொருளைத் தமிழில் எழுதிப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

1. ஷி ஸ்பென்ட் தி லிட்டில் மனி ஷி ஹாட்.
2. ஃபியூ பீப்பிள் நோ திஸ்.
3. நைதர் ஆஃப் தி பிரதர்ஸ் சைன்ட்.
4. நாட் ஆல் தி ஷாப்ஸ் ஆர் குளோஸ்ட்.

விடைகள்: 1. தன்னிடமிருந்த சிறிதளவு பணம் முழுவதையும் அவள் செலவிட்டாள். 2. இதை அறிந்தவர் மிகச் சிலரே. 3. சகோதரர் இருவரில் ஒருவரும் கையொப்பமிடவில்லை. 4. எல்லாக் கடைகளும் மூடப்பட்டிருக்கவில்லை, சில திறந்துள்ளன.

நான்கும் சரியாயின், அடுத்து உங்கள் கைக்கு வரும் ஆங்கிலப் படிவத்தை எடுத்து அதிலுள்ள குறுஞ்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். கையொப்பம் அதற்குப் பிறகு.