பறந்தவர் சிலர், பறக்க வைத்தவர் பலர்!



ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15ஆம் தேதியை பிரிட்டனில் 'பிரிட்டன் வான்போர் நாள்' என்று அனுசரிக்கிறார்கள். 1940ஆம் ஆண்டு ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த போர் அது. ஃபிரான்ஸ் நாடு ஏற்கெனவே ஹிட்லரிடம் விழுந்துவிட்டது. நடுவில் இருந்தது ஒரு கால்வாய் மட்டும்தான். கடல் தாண்டிப் படையை இறக்க வேண்டுமானால் முதலில் வானம் கைக்கு வர வேண்டும். அதற்காக வந்த ஜெர்மன் விமானங்களைத் தடுத்து நின்றவர்கள் ஏறத்தாழ 3,000 விமானப் படையினர். அவர்களில் 544 பேர் அந்த நான்கு மாதத்துக்குள் செத்துப்போனார்கள். பலருக்கு இருபது, இருபத்தொன்றுதான் வயசு. நம்ம ஹாஸ்டலில் மூன்றாம் வருஷ அண்ணன்களின் வயசு!

அவர்களைத்தான் 1940 ஆகஸ்ட் 20 அன்று சர்ச்சில் 'ஒரு சிலர்' என்று பாராட்டினார். அந்தச் சிலரில் கடைசியாக உயிரோடு இருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச் 17 அன்று 105 வயதில் காலமானார். இனி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்பது அடுத்த தலைமுறையின் கையில்தான் இருக்கிறது.

"வெள்ளைக்காரன் வானத்தைப் பற்றி நமக்கென்னப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாட்டு விமானப் படையில் 79, 234, 264 என்ற எண்களுள்ள மூன்று பிரிவுகளுக்கு 'சென்னை மாகாணம்' என்றே பெயர் இருந்தது. இங்கிருந்து போன போர் நிதிக்காக வைத்த பெயர் அது. நமக்குச் சுதந்திரம் தராதவர்கள் தங்கள் சுதந்திரத்தைக் காக்க நம்மிடம் காசு வாங்கினார்கள் என்று நினைத்தால் கோபம் வரத்தான் செய்கிறது. சிம்லாவில் பிறந்த மகிந்தர் சிங் புஜ்ஜி, தலைப்பாகையோடு 1941இல் இங்கிலாந்து வானில் போர் விமானம் ஓட்டினார். அவருக்கு கிரேவ்ஸெண்ட் நகரில் சிலை வைத்தது 2014இல். அவர் இறந்தோ 2010இல்! நினைவு என்பது தானாக எல்லோரையும் தேடி வருவதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். வானத்தைக் காத்தவர்கள் என்றால் விமானிகள் மட்டும்தானா?

ஸ்பிட்ஃபயர் விமானத்தை வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செல் பதினாறு வயதில் ரயில் என்ஜின் கட்டும் ஒரு பட்டறையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவர். பகலில் பட்டறை வேலை, ராத்திரியில் டெக்னிகல் வகுப்பில் டிராயிங்கும் கணக்கும். அந்த விமானம் 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. மறு வருஷமே, 42 வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார். தன் விமானம் எதைக் காப்பாற்றப் போகிறது என்று பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் போரில் ஸ்பிட்ஃபயரைவிட அதிகமான எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேன். அதை வடிவமைத்த சிட்னி கேம் ஒரு தச்சரின் மகன். தானும் தச்சு வேலையில் அப்ரெண்டிஸாக இருந்து மேலே வந்தவர்.

இன்னொரு கதை நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த இரண்டு விமானங்களிலும் இருந்தது மெர்லின் என்ஜின். விமானி மூக்கைத் திடீரென்று கீழே அமுக்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் தாறுமாறாகி என்ஜின் திணறி நின்றுவிடும். ஜெர்மன் என்ஜினில் பெட்ரோலை நேராகப் பீச்சும் இன்ஜெக்ஷன் முறை இருந்ததால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதிரி சுலபமாகத் தப்பிவிடுவான். இதற்கு 1941இல் வழி கண்டுபிடித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினியர். கசாப்புக் கடைக்காரரின் மகள். முதலில் வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு மான்செஸ்டரில் படித்தவர். அவர் செய்தது என்ன? பெட்ரோல் போகும் வழியில் அளவான ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. அவ்வளவுதான்! பிரச்சினை முழுசாகத் தீரவில்லை, ஆனால் என்ஜின் நிற்பது பெருமளவு குறைந்தது. விமானத்தளம் விமானத்தளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள்.

தரையில் இருந்தவர்களுக்கு ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. பிக்கின் ஹில் விமானத்தளத்தில் குண்டு விழுந்தபோதும் டெலிபோனை விட்டு எழாத பெண்களுக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். 1940 செப்டம்பர் கடைசியில் சவுத்தாம்ப்டனில் ஸ்பிட்ஃபயர் தொழிற்சாலை மீது குண்டு போட்டதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வேலை நின்றதா? இல்லை. கார் ஷெட், பஸ் டெப்போ, சலவைக் கூடம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பிரித்துப் போட்டு விமானம் கட்டினார்கள்.

லண்டனில் தேம்ஸ் கரையில் 2005இல் திறந்த நினைவுச் சின்னத்தில் விமானிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மெக்கானிக்குகளும் தொழிற்சாலைப் பெண்களும் அதில் சிற்பமாக இருக்கிறார்கள். உருவம் உண்டு, பெயர் இல்லை. விமானியின் உயிர்த்தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மேலே போனவன் திரும்பாமல் போகலாம் என்று தெரிந்தேதான் போனான். அந்த மரியாதை அவனுக்கு என்றும் உண்டு. ஆனால் அவன் உயிர், கீழே ஒருவன் இறுக்கிய நட்டில் இருந்தது. குண்டு பட்டுத் திரும்பிய விமானத்தை ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சரி செய்து, விடிந்ததும் மறுபடி மேலே அனுப்பியவனை என்னவென்று சொல்வது?

இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன்? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் "டிப்ளமோதானா?" என்று கேட்கிறார்கள். அந்த 'தானா' நம்மில் பல பேருக்குப் பழகிப்போன வார்த்தை. நாமே அதை நம்பிவிட்டால்தான் ஆபத்து. ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் போடும்போது "எவன் அளந்து பார்க்கப் போறான்" என்று விட்டுவிடுகிறோமே, அந்தப் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. நம் வேலையை நாமே சின்னதாக நினைத்தால் கை கவனமாக இருக்குமா?

யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை வருஷ மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். விருந்தினர் படமும் நிர்வாகிகள் படமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கள், லேப் உதவியாளர்கள், ஸ்டோர் கீப்பர் பெயர் ஒன்றுகூட இல்லை. நமக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தானே! அடுத்த மலரில் ஒரு பக்கம் அவர்களுக்கு ஒதுக்குங்கள். படத்தோடு பெயரையும் போடுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு