அருவியில் குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், தென்காசியில் பஸ் ஏற இடம் கிடைக்காது. சிறுவர் முதல் கிழவர் வரை எல்லாருக்கும் ஒரே ஆசை. அருவியில் தலையைக் கொடுக்க வேண்டும்!

முன்பெல்லாம் உடம்பு நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவார்கள். இன்று அங்கே எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட தடை அது.

நல்ல தடைதான். ஆனால், வந்தவர்கள் அருவியில் மட்டுமா குளிக்கிறார்கள்? விடுதியில் தங்குகிறார்கள். ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். கழிப்பிடம் போகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

சாக்கடை பள்ளத்தைத் தேடி ஓடும். பள்ளத்தில் இருப்பது ஆறு. இங்கே அது சிற்றாறு. பேரருவியாக விழுவதும் அதுதான். தென்காசியைக் கடந்து, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. தாமிரபரணியோ நெல்லை, தூத்துக்குடி மக்களின் குடிநீர்!

கட்டடம் போதுமா?

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். நெல்லையைப் பாருங்கள். ராமையன்பட்டியில் நிலையம் இருக்கிறது. ஆனாலும் சாக்கடை ஆற்றில் கலந்தது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.புகழேந்தி இருவரும் நேரிலேயே வந்து பார்த்தார்கள்.

நிலையம் என்பது வயிறு மாதிரி. வாய்க்குச் சோறு போகாவிட்டால் வயிறு என்ன செய்யும்? வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வேண்டும். கழிவை மேடேற்றப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சாக்கடை பழைய வழியிலேயே ஓடும். ஆகவே, "வேலை எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டால் சுவரைக் காட்டக் கூடாது. எத்தனை வீடு இணைந்தது என்று சொல்ல வேண்டும்.

நிலையத்துக்குள் குப்பையை வடிகட்டி, மண்ணைத் தங்கவிட்டு, தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள். காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. (எல்லாக் கிருமியும் கெட்டதல்ல!) பிறகு, தெளிந்த நீரில் குளோரின் சேர்ப்பார்கள்.

குற்றாலத்துக்கு இங்கேதான் சங்கடம். ஊர் சிறியது, வருகிறவர்கள் பல லட்சம். கிருமிகளுக்குச் சாரல் மாதங்களில் விருந்து, ஐயப்பன் சீசனில் இன்னொரு பந்தி, மற்ற நாளில் பட்டினி! ஊர்க்காரர் கணக்குக்குக் கட்டினால் சீசனில் வழியும். கூட்டத்துக்குக் கட்டினால் பிறகு சும்மா கிடக்கும். தொட்டிகளைப் பகுதி பகுதியாகக் கட்டி, கூட்டம் வரும்போது கூடுதலாகத் திறப்பதே வழி.

லாரி எங்கே இறக்கும்?

சிறு ஊர்களில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். அது நிறைந்தால் லாரி வருகிறது. லாரிக்கு இறக்க இடம் இல்லாவிட்டால்? ராத்திரியில் ஏதாவது ஓடைதான்.

செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கு வழி செய்தார்கள். தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் அங்கே 2017-ல் வந்தது. கசடைப் படுகையில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். வடிகிற நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்தே கட்டிய நிலையம் அது.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே இருப்பது சுமார் ஐந்து கிலோமீட்டர்தான்.