பூனைக்குப் பால்கோவா எதற்கு?

கசப்பு மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? தேனில் குழைத்து நாக்கில் தடவுவோம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால், "முழுங்கிட்டா மிட்டாய் தர்றேன்" என்று தாஜா பண்ணுவோம். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் மிட்டாய்க்குப் பதில் பால்கோவா!

பிள்ளைக்கு இது சரிதான். ஆனால் இதே வைத்தியத்தை வீட்டுப் பூனையிடமும் காட்டுகிறார்களே, அதில்தான் எனக்கு ஆட்சேபம்.

'சித்த மருத்துவருக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மூட்டுவலிக்கு வருகிற அம்மாக்கள் மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "டாக்டரய்யா, வீட்டுப் பூனை ரெண்டு நாளா சுருண்டே கிடக்கு. நிலவேம்பு குடுத்தா துப்பிடுது. தேன் கலந்து குடுக்கட்டுமா?" என்று கேட்பது சகஜம். அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அடுத்து ஒரு கேள்வி வரும் பாருங்கள்... "இல்லேன்னா, அரை பாராசிட்டமாலைப் பால்கோவாவுல வச்சுக் குடுத்துரட்டுமா?" இதைக் கேட்டால் எனக்குப் பகீரென்கிறது. இந்தக் கட்டுரையே அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

அனுபானம் ஆளைப் பொறுத்தது

சித்த மருத்துவத்தில் மருந்து எவ்வளவு முக்கியமோ, அனுபானமும் அவ்வளவு முக்கியம். தேன், நெய், வெண்ணெய், பால், பனைவெல்லம், இஞ்சிச்சாறு, வெந்நீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. கசப்பை மறைப்பது அதில் ஒரு பங்குதான். மருந்தை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அதன் வேகத்தைத் தணிப்பதும் அனுபானத்தின் பொறுப்பு. ஆடாதோடை இலையைச் சும்மா மென்று பாருங்கள், முகம் கோணிப்போகும். அதையே மணப்பாகாக்கிக் கொடுத்தால் குழந்தைகள் இன்னொரு ஸ்பூன் கேட்கும். லேகியமும் அப்படித்தான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அனுபானம் கிடையாது. ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனிலும், இன்னொருவருக்கு நெய்யிலும், மற்றொருவருக்கு வெந்நீரிலும் கொடுப்போம். சர்க்கரை நோயாளிக்குப் பனைவெல்லத்தில் குழைத்துக் கொடுக்கிற வைத்தியர் உண்டா? மனிதருக்கு மனிதரே இவ்வளவு வித்தியாசம் பார்க்கிறோம். வேறு ஜீவனுக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்!

புலிக்கும் தெரியாத தித்திப்பு

பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. இது என்னுடைய அனுமானம் இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005-இல் கண்டு சொன்னது. நாக்கில் இனிப்பை உணரும் அமைப்பு உருவாக இரண்டு மரபணுக்கள் தேவை. பூனைக்கு அதில் ஒன்று பழுது. புலிக்கும் சீட்டாவுக்கும் இதே கதைதான் என்று அவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள மலை 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடிவாரத்தில் விற்கிற பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகமே மெச்சுகிற அந்தத் தித்திப்பு, மலையில் இருக்கிற புலிக்கும் தெரியாது, நம் அடுப்படியில் இருக்கிற பூனைக்கும் தெரியாது! "எங்க பூனை பால்கோவாவை நக்குதே" என்பீர்கள். நக்கும். அது பாலின் கொழுப்புக்காக. சர்க்கரை அதற்கு மண் மாதிரி. போதாக்குறைக்கு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

இறைச்சியை மட்டுமே நம்பி வாழ்கிற இனம் அது. அதற்குத் தித்திப்பு எதற்கு? அதன் நாக்கு தேடுவதெல்லாம் கொழுப்பும், கறி, மீனின் சாரமும்தான். கசப்பு மட்டும் நன்றாகவே தெரியும். கசந்தால் நுரை நுரையாக எச்சில் வடிக்கும். பல நேரங்களில் அது வெறும் கசப்புக்கான நுரைதான்.

அரை மாத்திரை போதும்

சுவைகூடச் சின்ன விஷயம். பெரிய விஷயம் கல்லீரல்.

நாம் விழுங்குகிற பாராசிட்டமாலை நம் கல்லீரல் பக்குவப்படுத்தி வெளியே தள்ளிவிடுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலையைச் செய்கிற முக்கியமான நொதி சரிவரக் கிடையாது. அதனால் மருந்து விஷமாக மாறி ரத்தத்தைத் தாக்குகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். நாம் சாதாரணமாக நினைக்கிற 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையின் உயிரை எடுக்கலாம். அதற்கு 'இவ்வளவு கொடுத்தால் தப்பில்லை' என்ற அளவே கிடையாது. தெரியாமல் கொடுத்துவிட்டால், 'பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் நேரம்தான் முக்கியம்.

ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. மாட்டுக்கு வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளை லட்சக்கணக்கில் அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

"அது இங்கிலீஷ் மருந்து டாக்டரய்யா, நம்ம மருந்து ஒண்ணும் பண்ணாதே" என்று சொல்வார்கள். என் மருத்துவத்தை நான் விட்டுக்கொடுப்பவன் அல்ல. ஆனால் இந்தப் பேச்சை ஏற்க முடியாது. நம் சமையலறை மருந்தில் முதலிடம் பிடிக்கிற பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சூடம், யூகலிப்டஸ் தைலம் எல்லாமே அதற்கு ஆகாது. 'அந்தக் காலத்தில் மாட்டு வாகடம் இருந்ததே' என்றால், இருந்தது, வாஸ்தவம். மாடு செடி, கொடி தின்று வாழ்கிற பிராணி. மூலிகையைக் கையாள அதன் உடம்பு பழகியது. பூனை அப்படியா?

தடவினாலும் உள்ளேதான் போகும்

மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே பரப்பி வருகிறார்கள். மேல்பூச்சு மேலேயே நிற்கும். பூனைக்குப் பூசினால்? ஐந்தே நிமிஷத்தில் நக்கி முடித்துவிடும். அதற்கு வெளிமருந்து என்று ஒன்று கிடையாது, எல்லாமே உள்மருந்துதான்.

ராஜபாளையத்தில் நாயும் பூனையும் சேர்ந்து வளர்கிற வீடுகள் உண்டு. அவர்கள் கவனிக்க: நாய்க்கு உண்ணி போகத் தடவுகிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொன்றுவிடும். பூசிய நாயோடு ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான்.

சரி, எப்படித்தான் கொடுப்பது?

முதலில், மருந்தைக் கால்நடை மருத்துவர் எழுத வேண்டும். அவர் எழுதியதை உள்ளே இறக்குவதற்குத்தான் இந்த யோசனைகள்.

• உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த மீன் அல்லது கோழி ஈரல். உப்புக் கருவாடு வேண்டாம். சைவ வீடு என்றால் துளி நெய் அல்லது வெண்ணெய். லேசாகச் சூடுபடுத்தினால் மணம் கிளம்பும். பூனை மூக்கால்தான் முதலில் ருசி பார்க்கும். சளி பிடித்து மூக்கடைத்த பூனை சாப்பிடாததற்கு இதுவே காரணம்.

• மூன்று உருண்டை வையுங்கள். முதல் உருண்டை வெறும் மீன். இரண்டாவதில் மருந்து. அதை முழுங்குவதற்குள் மூன்றாவது வெறும் உருண்டையைக் காட்டுங்கள். ஆசையில் மென்று பார்க்காமல் முழுங்கிவிடும்.

• முழுச் சாப்பாட்டிலும் மருந்தைக் கலக்காதீர்கள். பாதி மிச்சம் வைத்தால் பாதி மருந்து போச்சு. அந்தச் சாப்பாட்டையே அது வெறுத்தும்விடும்.

• எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் பால், தயிரோடு கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் சொல்கிற பத்தியம் பூனைக்கும் உண்டு!

• கையால் கொடுப்பதானால், பழைய துண்டில் கழுத்துவரை சுற்றி, தலையைச் சற்றே நிமிர்த்தி, கீழ்த்தாடையைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் போய் விழும்படி மாத்திரையைப் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவிவிடுங்கள். பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக ஐந்தாறு மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வறட்டு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். டாக்ஸிசைக்ளின் இதில் மகா மோசம். திரவ மருந்தை மட்டும் தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

• கடித்துவிட்டாலோ, பிறாண்டிவிட்டாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸ் பூனையாலும் வரும். உங்கள் பூனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?

நாய் வேறு, பூனை வேறு

ராஜபாளையம் நாய் 2005-இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த பெருமைக்காரன். அவனுக்கு இனிப்பு தெரியும். சோற்று உருண்டைக்குள் வைத்தால் மாத்திரை தெரியாமலேயே விழுங்கிவிடுவான். ஆனால் அவனுக்கும் லேகியத்தை நீட்டாதீர்கள். சில லேகியங்களில் உலர்திராட்சை சேரும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாக்லேட்டும், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாத மிட்டாய்களும் அவனுக்கு விஷம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

என் கருத்தைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். எங்கள் துறை நண்பர்கள் வாட்ஸ்அப்பில் 'நாய், பூனைக்குக் கைவைத்தியம்' எழுதுவதை நிறுத்த வேண்டும். மனிதனுக்குத்தான் நாம் படித்தோம். மருந்துக் கடைக்காரர்கள், "பூனைக்கு" என்று கேட்டால் மாத்திரையை எடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரின் சீட்டைக் கேட்க வேண்டும். கால்நடை மருத்துவர்களும் மருந்தை எழுதியதோடு விடாமல், எப்படிக் கொடுப்பது என்று ஒரு தடவை செய்துகாட்ட வேண்டும். மாத்திரை இறங்கவே இல்லையென்றால் திரவமாகவோ, ஊசியாகவோ மாற்றித் தரச் சொல்லி நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். சண்டை போட்டுப் பாதி மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. 'தானா சரியாயிடும்' என்று பட்டினிப் பூனையை விட்டுவைக்காதீர்கள். இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே, அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே உலை வைக்கும்.

வாயில்லாத ஜீவன் கசந்தால் துப்பத்தான் செய்யும். அதன் நாக்குக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்வது நம் வேலை. அதன் உடம்புக்கு எது ஆகும் என்று முடிவு செய்வது கால்நடை மருத்துவரின் வேலை. பால்கோவாவை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பாராசிட்டமாலைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்!