நூல் பிடித்தாற்போல் ஓடும் பந்து... ரகசியம் கையிலா, கருவியிலா?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அதிகாலையிலேயே பல வீடுகளில் டி.வி ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் இல்லை, கோல்ஃப்! ‘பேர்டி’ என்றால் என்ன, ‘போகி’ என்றால் என்ன என்றுகூடத் தெரியாதவர்கள், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய பெங்களூருப் பெண் அதிதி அசோக்குக்காகக் கண்விழித்திருந்தார்கள்.

நான்கு நாள்கள், 72 குழிகள், மொத்தம் 269 அடிகள். கடைசிக் குழியில் அவர் உருட்டிய பந்து உள்ளே விழவில்லை. நான்காம் இடம். ஒரே ஓர் அடி குறைந்திருந்தால், வெள்ளி, வெண்கலத்துக்காக நடந்த பிளே-ஆஃபில் அவரும் நின்றிருப்பார். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றுவிட, நாடு அந்தக் கொண்டாட்டத்தில் மூழ்கிவிட்டது.

பந்தைத் தொலைதூரம் அடிப்பதில் அதிதியைவிடப் பலர் முன்னே நின்றார்கள். அவரைப் பதக்கத்துக்கு அவ்வளவு அருகே கொண்டுபோனது, குழிக்குப் பக்கத்தில் வந்தபின் பந்தை மெதுவாக உருட்டிவிடும் ‘பட்டிங்’ திறமைதான். அதற்கென்றே இருக்கும் மட்டையின் பெயர் பட்டர். ரொட்டியில் தடவுவதும் இல்லை, பெருமாள் கோயிலில் தீர்த்தம் தருபவரும் இல்லை. இது வேறு பட்டர்!

ஒரு டிகிரி என்ன செய்யும்?

கோல்ஃப் குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். பத்து அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், குழியை அடையும்போது பந்து சுமார் 5.3 சென்டிமீட்டர் விலகியிருக்கும். குழியின் மையத்திலிருந்து விளிம்புவரை 5.4 சென்டிமீட்டர்தான். அதாவது விழுந்தாலும் விழும், விளிம்பை நக்கிவிட்டுப் போனாலும் போகும். இரண்டு டிகிரி என்றால் பேச்சே இல்லை, வெளியேதான்.

ஒரு டிகிரி எவ்வளவு சின்னது என்பது தஞ்சாவூர்ப் பக்கம் நடவு வயலில் நின்றவர்களுக்கு நன்றாகப் புரியும். திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் என்று சதுரமாக நாற்று வைக்கிறார்கள். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-ல் ‘இராசராசன் 1000’ என்று தமிழக அரசு பெயர் சூட்டியதே, அதே முறைதான். கயிறு கட்டாமல், மார்க்கர் கருவியும் உருட்டாமல், வெறும் கண் மதிப்பில் ஒரு வரிசையை ஆரம்பித்து அது ஒரு டிகிரி சாய்ந்துவிட்டால்? முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் எதிர் வரப்புக்குப் போய்ச் சேரும்போது 52 சென்டிமீட்டர் விலகியிருக்கும். இரண்டு வரிசை காலி!

அதோடு முடிவதில்லை. வரிசை கோணினால், பிறகு களையெடுக்கக் கோனோவீடரைத் தள்ளும்போது அது களையை விட்டுவிட்டுப் பயிரை மிதிக்கும். அதனால்தான் வரப்பில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுகிறார்கள். அனுபவசாலிக்கும் கயிறு தேவைப்படுகிறது. பட்டர் செய்பவர்களும் யோசித்தது இதைத்தான்: மனிதக் கண்ணும் கையும் கொஞ்சம் தவறத்தான் செய்யும், அதைக் கருவியால் தாங்கிப் பிடிக்க முடியுமா?

முதல் பிரச்னை: குறி

குனிந்து நின்று பந்தைப் பார்க்கும்போது, மட்டையின் முகம் குழியை நேராகப் பார்க்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கண் பந்துக்கு நேர் மேலே இல்லாவிட்டால், நேர்க்கோடே சாய்ந்த கோடாகத் தெரியும். கொத்தனார் வெறும் கண்ணை நம்பாமல் நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்ப்பதற்கும் காரணம் இதுதான்.

அதனால் பட்டரின் தலையில் கோடு போட்டார்கள். சிலவற்றில் ஒரு கோடு, சிலவற்றில் மூன்று, சிலவற்றில் பந்தின் அகலத்துக்கு இரண்டு இணைகோடுகள். 2001-ல் ஒடிஸி நிறுவனம் கொண்டுவந்த ‘டூ-பால்’ பட்டர் இன்னும் எளிமையானது. பந்தின் அளவிலேயே இரண்டு வெள்ளை வட்டங்களைத் தலையில் பதித்துவிட்டார்கள். முன்னால் நிஜப் பந்து, பின்னால் இரண்டு வட்டங்கள். மூன்றும் ஒரே வரிசையில் தெரிந்தால் குறி சரி. ஒன்று விலகினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். வரிசையில் ஒரு நாற்று தள்ளி நின்றால் சட்டென்று தெரிகிறதே, அதுபோல!

இரண்டாவது பிரச்னை: கட்டுப்பாடு

குறி சரியாக இருந்தாலும், பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்ளும். பந்து திசையும் மாறும், வேகமும் குறையும்.

இதற்கு வழி கண்டவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் 1911-ல் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா போனவர். இளமையில் அப்பாவின் செருப்புக்கடையில் வேலை பார்த்தார். பின்னாளில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இன்ஜினீயர். 42 வயதில்தான் கோல்ஃப் மட்டையையே பிடித்தார். பட்டிங் சரியாக வரவில்லை. ‘எனக்குத் திறமை போதவில்லை’ என்று அவர் விட்டுவிடவில்லை. ‘கருவியில் என்ன குறை?’ என்று பார்த்தார்.

சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டித்தான் அவர் முதல் மாதிரியைச் செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். யோசனை இதுதான்: தலையின் எடையை நடுவில் குவிக்காமல் இரண்டு ஓரங்களுக்கும் பிரித்துவிடுவது. 1959-ல் வீட்டு கராஜில் அவர் செய்த பட்டர், பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று சத்தம் போட்டது. அதுவே நிறுவனத்தின் பெயரானது. 1966-ல் வந்த மாடலுக்கு ‘ஆன்சர்’ என்று பெயர் சொன்னவர் மனைவி லூயிஸ். மட்டையில் பொறிக்க இடம் போதாததால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை வெட்டியதும் அவர் யோசனைதான். அடுத்த ஆண்டே ஜூலியஸ் போரோஸ் அந்தப் பட்டரோடு ஃபீனிக்ஸ் ஓபனை வென்றார். இன்று கடையில் இருக்கும் பாதி பட்டர்களின் முகஜாடை, அந்த ‘ஆன்சர்’ ஜாடைதான்.

எடையைப் பிரித்தால் எப்படிக் கட்டுப்பாடு வரும்? வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கம்பை எடுத்து, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களை நடுவில் பக்கத்துப் பக்கத்தில் கட்டுங்கள். நடுவில் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினால் சுலபமாகத் திரும்பும். அதே பாட்டில்களை இரு முனைகளுக்கும் மாற்றிக் கட்டுங்கள். இப்போது திருப்பினால் கம்பு முரண்டு பிடிக்கும். மொத்த எடை மாறவில்லை, இடம்தான் மாறியது. நடுவிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், திருகலை எதிர்க்கும் தன்மை நான்கு மடங்காகும். இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியைச் சட்டென்று திருப்ப முடியாததும் இதனால்தான்.

எடை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? அடியில் எடை வைத்த தஞ்சாவூர்ப் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்கிறதே! பொம்மையில் எடை கீழே, பட்டரில் எடை ஓரங்களில். வேலை வேறு, ஆனால் இரண்டிலும் எடையை வைக்கும் இடத்தில்தான் சூட்சுமம்.

விரல் மேல் ஒரு சோதனை

எல்லாப் பட்டரும் எல்லோருக்கும் பொருந்தாது. பட்டரின் தண்டைக் கிடைமட்டமாக ஒரு விரல் மேல் நிறுத்திப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்து நின்றால், அது நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஆட்டுகிறவர்களுக்கு ஏற்றது என்பார்கள். தலையின் நுனி கீழே தொங்கினால், லேசான வளைவாக வீசுகிறவர்களுக்கு ஏற்றது. அண்மைக்காலத்தில் ‘ஜீரோ டார்க்’ என்ற வகை பரபரப்பாகப் பேசப்படுகிறது. வீசும்போது முகம் தானாகத் திருகாதபடி சமன் செய்யப்பட்டது இது. 2025 அமெரிக்க ஓபனை ஜே.ஜே.ஸ்பான் வென்றது இந்த வகைப் பட்டரோடுதான்.

எதுவரை உதவலாம்?

கருவியே எல்லாவற்றையும் செய்துவிட்டால் அப்புறம் ஆட்டம் எதற்கு? இந்தக் கேள்வி நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1904-ல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்கர், தண்டு ஓரத்தில் இல்லாமல் தலையின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்ட ‘ஸ்கெனெக்டடி’ பட்டரோடு போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1910-ல் அந்த வகைக்கு பிரிட்டனில் தடை வந்தது. 1950-களின் தொடக்கத்தில்தான் நீங்கியது.

நம் காலத்தில் 2016 ஜனவரி 1 முதல், நீளமான பட்டரை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றிக்கொண்டு அடிக்கக் கூடாது என்று விதி வந்தது. குறி பார்க்கக் கோடு இருக்கலாம், எடையைப் பிரிக்கலாம். ஆனால், வீச்சு உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். கயிறு கட்டிக் கொடுக்கலாம், நாற்றை நீங்கள்தான் நட வேண்டும்!

யாருடைய கைக்காக?

கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம் என்று பெயர். ஆனால் இந்தியன் ஓபனை 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி.சௌரசியா, கொல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்வெளியைப் பராமரித்த ஊழியரின் மகன். அவரும் தூரமாக அடித்துப் பேர் வாங்கியவர் இல்லை. குழிக்கு அருகே காட்டிய நிதானம்தான் அவர் பலம். விலை உயர்ந்த மட்டை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஜெயித்துவிடும் என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விலையைவிட முக்கியம் பொருத்தம். பெரியவர்களுக்கான பட்டர் பொதுவாக 33 முதல் 35 அங்குலம் இருக்கும். அதைப் பத்து வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் கை மடங்கும், கண் பந்தின் மேல் நிற்காது, போட்ட கோடெல்லாம் வீண். கோனோவீடருக்கும் இதே கதைதான். கைப்பிடி உயரமும் எடையும் தள்ளுகிறவருக்குப் பொருந்தாவிட்டால், களை போகிறதோ இல்லையோ, இடுப்பு போய்விடும். வயலில் அதைத் தள்ளப்போகிறவர் ஐந்தடி உயரப் பெண் என்றால், அவரை நிற்க வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

பயிற்சிக்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. தரையில் ஓர் இலக்கு வைத்து, இரண்டு பென்சில்களுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டி, அதன் நேர் கீழே பந்தை உருட்டிப் பழகுவது. பெரிய ஆட்டக்காரர்களும் செய்யும் பயிற்சி இது. நூலைவிட்டுப் பந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்தாலே, தவறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

சோல்ஹைம் உலக சாம்பியனின் கைக்காகப் பட்டர் செய்யவில்லை. 42 வயதில் ஆட ஆரம்பித்து, தடுமாறிக்கொண்டிருந்த தன் சொந்தக் கைக்காகச் செய்தார். அதனால்தான் அது சாம்பியன்களுக்கும் உதவியது. ‘உனக்குக் கை நேராக வராது’ என்று யாரையாவது சொல்லும் முன், அந்தக் கையில் இருக்கும் கருவி அவருக்கு அளவானதுதானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.